அலமாரியில் நின்ற மூத்தவள்

"என்ன அது கையில?"

உள்ளே வந்த கண்ணாடிக்காரன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கூடத்து அலமாரியின் கதவு விரியத் திறந்திருந்தது. அதன் முன்னால் மனைவி முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் ஒரு பழைய மருந்து பாட்டில். வெளிறிய பச்சை நிறம், தட்டையான உடம்பு, நீண்ட கழுத்து.

அதே பாட்டில் அலமாரிக்குள்ளும் நின்றுகொண்டிருந்தது.

அவன் இதைப் பார்த்தான். அதைப் பார்த்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். அப்போதும் இரண்டுதான்.

"நீங்க எப்படி இந்த நேரத்துல? கடை?" என்றாள் அவள்.

"கரண்ட் போயிடுச்சு. இருட்டுல உட்கார்ந்து யாருக்குக் கண் டெஸ்ட் பண்றது? அதை விடு. அது என்ன?"

"இதா?" தன் கையில் இருந்ததை முதன்முறையாகப் பார்ப்பவள்போல் பார்த்தாள். "இது... உங்களுக்குத்தான். பரிசு."

"எதுக்குப் பரிசு?"

"நம்ம கல்யாண நாளுக்கு."

"அதுக்கு இன்னும் நாள் கிடக்கே!"

"அப்புறம் மறந்துட்டேன்னா? அதான், ஞாபகம் இருக்கும்போதே..." என்று சிரித்தாள். சிரிப்பு பாதி தூரம் வந்து நின்றுவிட்டது.

கையும் களவுமாகப் பிடிபட்டதில் வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டான் அவன். மனசு இளகிப்போயிற்று.

மூக்குக்கண்ணாடிக் கடை அவனுக்குப் பிழைப்பு. அதனால்தான் தெருவே அவனைக் கண்ணாடிக்காரன் என்றது. பழைய மருந்து பாட்டில்கள் அவனுக்குப் பித்து. ஒரு காலத்தில் வழுக்கை, வாயு, மூட்டுவலி, மனக்கவலை எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்று சொல்லிச் சந்தை சந்தையாக விற்றார்களே, அந்தப் பாட்டில்கள். மருந்தைக் குடித்தவர்கள் ஒருவரும் இப்போது இல்லை. பாட்டில்கள் மட்டும் திடகாத்திரமாக இருக்கின்றன.

பாட்டிலைக் கையில் கொடுத்தால் வயதைச் சொல்லிவிடுவான். அதில் ஒரு கம்பசூத்திரமும் இல்லை என்பான். இரண்டு பாதியாக இருக்கும் அச்சை மூடி, அதற்குள் கண்ணாடியை ஊதிச் செய்த பாட்டிலில் பக்கவாட்டில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். அது கழுத்தோடு நின்றுவிட்டால் வாயைத் தனியாகக் கையால் முடித்திருக்கிறார்கள், பழசு. உதடுவரை ஏறிவிட்டால் இயந்திரத்தின் வேலை, புதுசு. கட்டைவிரல் நகத்தால் ஒரு தடவு தடவினால் தெரிந்துவிடும்.

இந்தத் தடவலை அவன் அக்கா வியாதி என்பாள். சாப்பாட்டுக் கடையில் சாஸ் பாட்டிலைத் தடவுவான். யார் வீட்டிலாவது குடிக்கத் தண்ணீர் கொடுத்தால், அடியில் என்ன முத்திரை என்று பார்க்கக் கண்ணாடி டம்ளரைத் தலைகீழாகத் திருப்புவான். உள்ளே தண்ணீர் இருந்தது சட்டை நனைந்த பிறகே ஞாபகம் வரும். இவளை முதன்முதலில் சந்தித்த அன்றும் இப்படித்தான் நனைந்தான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணம் அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

அலமாரியில் இருந்த பாட்டிலுக்கு அந்த வீட்டில் மூத்தவள் என்று பெயர். வைத்தவள் மனைவிதான். "உங்க மூத்த சம்சாரத்தைத் தினம் துடைக்கிறதுக்கு இளையவ நான் வந்திருக்கேன்" என்பாள். கல்யாணத்துக்கு முன்பே அவன் தேடிப் பிடித்த பாட்டில் அது. 'நடுக்கம் தீரும், நித்திரை வரும், நாணம் போகும்' என்று உடம்பில் எழுத்துகள் புடைத்திருந்தன. பழம்பாட்டில் அன்பர் வட்டத்தின் தலைவரே பார்த்துவிட்டு நூறு வயதுக்கு மேல் என்று சொன்ன பாட்டில். அந்த நாளில் அதைத் தினமும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். கல்யாணமானதும் அலமாரியைவிட அதைத் துடைப்பவளைத்தான் அதிகம் பார்த்தான்.

இப்போது அவள் பாட்டிலை நீட்டினாள். "பாருங்களேன். அசல்தானே? அந்தப் பழைய சாமான் கடைக்காரர் என்னை ஏமாத்திடலையே?"



அவன் பரிசை வாங்கி மூத்தவளுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். பார்த்தவுடனேயே வித்தியாசம் தெரிந்தது. மூத்தவள் நெட்டுக்குத்தாக நின்றாள். இது ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெட்டிப் பேச்சுப் பேசுகிற ஆள்போல நின்றது. மூத்தவளின் எழுத்துகள் நேற்று வெட்டியதுபோலக் கூர்மை. இதில் 'நாணம் போகும்' என்பதில் நாணம் ஏற்கெனவே பாதி போயிருந்தது. மூத்தவளில் கண்ணாடிக்குள் காற்றுக் குமிழ் அங்கொன்றும் இங்கொன்றும். இதில் சோடா ஊற்றினாற்போல் குமிழ்.

நகத்தால் தடவினான். கோடு கழுத்தோடு சமர்த்தாக நின்றது. போலி செய்தவன் கெட்டிக்காரன், பாடம் படித்துவிட்டுத்தான் செய்திருக்கிறான் என்று முடிவு கட்டினான்.

மூத்தவளை அவன் தடவிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? எல்லாவற்றையும் அளக்கிற அளவுகோலை எடுத்து யாராவது அளந்து பார்ப்பார்களா?

"என்னங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?"

நிமிர்ந்தான். அவள் மூச்சுவிடாமல் காத்திருந்தாள். பரீட்சை முடிவைப் பார்க்கப் போகிறவளின் முகம்.

"அசல்" என்றான். "அசலோ அசல். இப்படி ஒண்ணு கிடைக்க ஜென்மம் பூரா தேடணும்."

"நிஜமாவா?"

"உன் மேல சத்தியமா."

பொய்ச் சத்தியம் பண்ணிய குற்ற உணர்ச்சியில் அவன் நிற்கும்போதே, அவள் சுவரில் சாய்ந்து பெருமூச்சு விட்டாள். உடனே எழுந்து சுறுசுறுப்பானாள்.

"அப்ப ஒண்ணு பண்ணலாமா? இனிமே இதையே அலமாரியில வெச்சுக்கலாம். அந்தப் பழையதை எடுத்து நான் பரண்ல போட்டுடறேன்."

"மூத்தவளைப் பரண்லயா!"

"ஒரே மாதிரி ரெண்டு எதுக்கு?"

பொறாமை என்று புரிந்துகொண்டு அவன் உள்ளூர மகிழ்ந்தான். "ரெண்டும் இருக்கட்டும்மா. ஜோடியா இருந்தா அழகு" என்றான்.

ஜோடி என்ற அந்த வார்த்தைதான் வினையாகப் போயிற்று. மாடியில் குடியிருந்த அக்கா அந்த நேரம் பார்த்துக் கிண்ணம் கேட்டு இறங்கி வந்தாள். கிண்ணத்தை மறந்துவிட்டு, செய்தியை வாங்கிக்கொண்டு போனாள். அக்காவும் வட்டத் தலைவரின் மனைவியும் ஒரே தையல் வகுப்பு. சாயங்காலமே தலைவர் போனில் வந்துவிட்டார்.

தலைவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லிக் கடைவாயைப் பார்த்த அதே சின்னக் கண்ணாடியை இப்போது பாட்டில்களின் வாய்க்குள் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, ஜோடி சேர்ந்துடுச்சாமே! சொல்லவே இல்ல! நம்ம வட்டத்துல யாருகிட்டயும் ஜோடி கிடையாது. ஞாயித்துக்கிழமை ஆண்டுக் கூட்டத்துக்கு ரெண்டையும் கொண்டு வந்துடு. எல்லார் முன்னாலயும் மேடையில வெச்சுப் பாக்கறோம்."

"தலைவரே, அது... என் வீட்டுக்காரி ஆசையா வாங்கினது. நீங்க கொஞ்சம் பார்த்து..."

"பாக்கத்தானே கூப்பிடறேன்?"

"இல்ல, பார்த்துட்டு... மனசு நோகாம ரெண்டு வார்த்தை..."

மறுமுனையில் குரல் கடினமானது. "பாட்டில் பொய் சொல்லாது. நானும் சொல்ல மாட்டேன். என் கூடப் பிறந்த தம்பி கொண்டு வந்ததையே போலின்னு திருப்பிக் கொடுத்தவன் நான். அவன் இன்னமும் என்னோட பேசறதில்ல. வெக்கட்டுமா?"

கண்ணாடிக்காரனுக்குப் போன வருஷக் கூட்டம் கண்முன் வந்தது. ஒருவர் ஆசை ஆசையாகக் கொண்டுவந்த பாட்டிலைத் தலைவர் போலி என்றதும் மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. அந்த மனிதர் பாட்டிலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வெளியேறினார். அந்த இடத்தில் இவளை நிறுத்திப் பார்த்தான். தாங்கவில்லை.

மறுநாள் காப்பியைக் கையில் வாங்கியதும் ஆரம்பித்தான். "ஞாயித்துக்கிழமை ஜோடியெல்லாம் வேண்டாம். என்னோடதை மட்டும் எடுத்துட்டுப் போறேன்."

"உங்களோடதா?" அவள் திடுக்கிட்டாள். "அது எதுக்கு? அதைத்தான் அவர் ஏற்கெனவே பார்த்திருக்காரே. என்னோடதை மட்டும் எடுத்துட்டுப் போவோம்."

"உன்னோடது வேண்டாம்மா. கூட்டத்துல கை படும், கீழ விழும்."

"உங்களோடது விழாதா? அதைத்தான் நீங்க உசிருக்கு உசிரா வெச்சிருக்கீங்க. அது வெளிய வரவே வேண்டாம்."

"உன்னோடது வரக் கூடாது."

"உங்களோடதுதான் வரக் கூடாது."

இருவரும் விட்டுக்கொடுக்காமல் ஒருவர் பாட்டிலை ஒருவர் காப்பாற்றினார்கள். இப்படியொரு சண்டையை எதில் சேர்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசியில் அக்கா வந்து, "ரெண்டும் வருதுன்னு ஊர் பூரா சொல்லியாச்சு. வரலைன்னா என் மானம் போயிடும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மறந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

தன் கடையைத் திறக்கும் முன் பழைய சாமான் கடைக்குப் போய் நின்றான்.

"என் மனைவிக்கு ஒரு பாட்டில் கொடுத்தீங்களே..."

"ஆமா சார்" என்றார் கடைக்காரர், உடைந்த மேசை விசிறி ஒன்றைத் துடைத்தபடி. "தங்கமான பாட்டில். அதைத் தேடி நான் அலைஞ்ச அலைச்சல் எனக்குத்தான் தெரியும்."

"அது போலி."

கடைக்காரர் துடைப்பதை நிறுத்தினார். "யார் சொன்னா?"

"நான் சொல்றேன். என் வீட்டுல இருக்கற அசலோட வெச்சுப் பார்த்தேன். எழுத்து, குமிழ், நிக்கற லட்சணம், எதுவுமே ஒத்துப்போகல."

"உங்க வீட்டுல இருக்கற அசலோடயா?" கடைக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாயை மெதுவாக மூடிக்கொண்டார். "சார், நான் கொடுத்தது அசல். அதுக்கு மேல என் வாயைக் கிளறாதீங்க. எனக்கு எதுக்கு வம்பு?"

"பார்த்தீங்களா, திருதிருன்னு முழிக்கறீங்க!"

"முழிக்கத்தான் சார் செய்வேன். என் நிலைமை அப்படி."

இனி யாரையும் நம்பிப் பயனில்லை, பாட்டிலையே வயதாக்கிவிட வேண்டியதுதான் என்று அவன் வீட்டுக்குத் திரும்பினான்.

மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்து, டீத்தூளைக் கொதிக்கவைத்து, அந்தக் கறுப்புத் தண்ணீரில் பாட்டிலைப் படுக்கவைத்தான். பழைய பாட்டிலில் காலம் விட்டுப்போகும் மங்கல் வரவேண்டும் என்பது திட்டம். பாதி உடம்புதான் மூழ்கியது. புரட்டிப்போடுவதற்குள் குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. எடுத்துப் பார்த்தபோது பாட்டில் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் பழுப்பு.

இரண்டு பக்கத்தையும் சமன்படுத்த, பின்கட்டுப் பூந்தொட்டியில் புதைத்தான். அக்கா செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்து, மண்ணுக்கு மேலே ஒரு கண்ணாடி வாய் திறந்திருப்பதைப் பார்த்து அலறினாள்.

"டேய்! தொட்டிக்குள்ள என்னடா இது?"

"மண்ணுல இருந்து வந்ததுதானே அக்கா. கொஞ்ச நேரம் மண்ணுல இருந்தா அதுக்கு நல்லது."

"உனக்கும் கொஞ்ச நேரம் இருந்தா நல்லதுன்னு தோணுது" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, அவன் தடுப்பதற்குள் தண்ணீரையும் ஊற்றிவிட்டாள். பழுப்பின் மேல் சேறு வரிவரியாக இறங்கியது.

மிச்சமிருந்தது அடிப்பாகம். நூறு வருஷம் பல அலமாரிகளில் நின்ற பாட்டிலுக்கு அடியில் தேய்மானம் இருக்கும். இதிலும் இருந்தது, ஆனால் அவனுக்குப் போதவில்லை. மொட்டைமாடியில் உட்கார்ந்து உப்புத்தாளால் சரக் சரக்கென்று தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் துணிக்கூடை தொப்பென்று விழுந்தது.

"அய்யய்யோ! என்ன பண்றீங்க?"

"சுத்தம் பண்றேம்மா. அடியில ஒரே அழுக்கு."

"அசல்னு சத்தியம் பண்ணீங்களே! அசலைப் போய் யாராவது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாங்களா?" அவள் பாட்டிலைப் பிடுங்கிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். பழுப்பைப் பார்த்தாள். அடியைப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. "இது என்னங்க, டீ வாசனை அடிக்குது?"

"டீயா? அந்தக் காலத்து மருந்து அப்படித்தான் மணக்கும்."

"இது ஒண்ணு கிடைக்கிறதுக்கு நான்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டு, பாட்டிலை மார்போடு அணைத்தபடி கீழே போனாள்.

ஒரு போலிப் பாட்டில் மேல் இவளுக்கு இத்தனை பாசமா என்று உப்புத்தாளும் கையுமாக அவன் உட்கார்ந்திருந்தான். அந்தப் பாசத்தைச் சபையில் யாரும் எள்ளி நகையாடக் கூடாது. அதற்கு வழி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவமானம் யாருக்காவது வந்தே தீரும் என்றால் அது அவனுக்கே வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பாட்டில்களும் இரண்டு செருப்புப் பெட்டிகளில், கடையில் கண்ணாடி துடைக்கும் மென்துணி சுற்றப்பட்டுத் தயாராயின. அவள் பெட்டியின் மேல் சிவப்பு ரிப்பன். அவன் பெட்டி மொட்டை. அவள் சமையலறையில் கேஸ் அடைத்திருக்கிறதா என்று பார்க்கப் போனாள். அவன் மின்னல் வேகத்தில் பெட்டிகளைத் திறந்து, மூத்தவளை ரிப்பன் பெட்டியிலும் டீக்கறைக்காரியை மொட்டைப் பெட்டியிலும் போட்டு மூடினான்.

இனித் தலைவர் ரிப்பன் பெட்டியைத் திறந்து அசல் என்பார். மொட்டைப் பெட்டியைத் திறந்து போலி என்பார். 'கை தவறி வேற பாட்டிலை எடுத்துட்டு வந்துட்டேன் தலைவரே' என்று இவன் வழிந்துகொள்வான். சிரிக்கட்டும், இவனைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

ஸ்கூட்டரின் பின்னால் அவள் இரண்டு பெட்டிகளையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மண்டப வாசலில் இறங்கினாள். அவன் வண்டி நிறுத்த இடம் தேடி அந்தக் கட்டடத்தை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தபோது, அவள் படிக்கட்டு மறைவிலிருந்து வெளிப்பட்டாள். முகம் சிவந்திருந்தது.

"அங்க என்ன பண்றே?"

"வெயில்" என்றாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் வெள்ளைத் துணி விரித்த மேசை. தலைவர் கழுத்தில் பூதக்கண்ணாடி, சட்டைப்பையில் பல் கண்ணாடி. முன்வரிசையில் தையல் வகுப்பு முழுவதையும் கூட்டிக்கொண்டு அக்கா.

"முதல்ல நம்ம கண்ணாடிக்காரரோடது" என்று மொட்டைப் பெட்டியைத் திறந்தார் தலைவர்.

கண்ணாடிக்காரன் தலையைக் குனிந்து அவமானத்துக்குத் தயாரானான். துணி விலகும் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தான்.

பெட்டியிலிருந்து வந்தது பளிச்சென்ற பாட்டில். கறை இல்லை, சேறு இல்லை. நெட்டுக்குத்தாக நின்றது.

மூத்தவள்!

அவனுக்குத் தலை சுற்றியது. மாற்றி வைத்தது இந்தக் கைதானே? மாற்றினோமா, மாற்றுவதாக நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டோமா? மாற்றியிருந்தால் இது அவளுடையதாக இருக்க வேண்டும். அவளுடையதென்றால் டீ எங்கே போயிற்று? மாற்றவில்லையென்றால் ஐயோ, ரிப்பன் பெட்டியில் அந்தப் போலி அல்லவா இருக்கிறது!

தலைவர் பாட்டிலின் கழுத்தில் நகத்தை ஓட்டினார். மறுபடி ஓட்டினார். பல் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். "புதுசு" என்றார்.

மண்டபம் குபீரென்று சிரித்தது.

"தலைவரே!" அவன் மேடைக்கே தாவி ஏறிவிட்டான். "நல்லாப் பாருங்க! இது மூத்தவ! அன்னைக்கு நூறு வயசுக்கு மேலன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். இதைச் சொல்லல. பாட்டிலுக்கு வயசு ஏறும்ப்பா, இறங்காது. நீயே தடவிப் பாரு."

அவன் தடவினான். எத்தனையோ பேருடைய பாட்டில்களில் ஓடிய அந்த நகம், கல்யாணத்துக்குப் பிறகு முதன்முறையாகத் தன் சொந்தப் பாட்டிலில் ஓடியது. தோள் வந்தது. கழுத்து வந்தது. கழுத்தும் முடிந்தது. நகம் நிற்கவில்லை. உதட்டில் ஏறி, அடுத்த பக்கம் இறங்கப் பார்த்தது.

அவன் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"அடுத்தது அம்மாவோடது" என்று ரிப்பனை அவிழ்த்தார் தலைவர்.

"வேண்டாம் தலைவரே! ஒண்ணு பார்த்தாச்சு, போதும். எனக்கு உடம்பு சரியில்ல..."

அவர் காதில் வாங்கவில்லை. டீக்கறைக்காரி மேசைக்கு வந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாள். தலைவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். நகத்தை ஓட்டினார். பல் கண்ணாடியை விட்டார். அவர் மூச்சு கனத்தது. 

"அசல்" என்றார் தலைவர்.  "அப்பழுக்கில்லாத அசல். ஆனா அடியில எவனோ உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருக்கான். சேறு பூசியிருக்கான். டீயில வேற முக்கியிருக்கான் போல. இப்பேர்ப்பட்ட பொருளை இந்தக் கதிக்கு ஆளாக்கின மடையன் யாருன்னு எனக்குத் தெரியணும்!"

"தொட்டியில புதைச்சதை விட்டுட்டீங்க" என்றாள் முன்வரிசையிலிருந்து அக்கா.

எல்லோர் பார்வையும் அவன் மனைவி மேல் திரும்பியது. அவள் பாட்டில், அவள் பெட்டி.

"அவ இல்ல, நான்தான்" என்றான் கண்ணாடிக்காரன். "நான்தான் அந்த மடையன். போலின்னு நினைச்சுட்டேன். நாலு பேர் முன்னால யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாதுன்னு பழசாக்கப் பார்த்தேன். சிரிக்கணும்னா என்னைப் பார்த்துச் சிரிச்சுக்குங்க."

மண்டபம் அந்த அனுமதியைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டது. அக்காவின் தையல் வகுப்பில் இரண்டு பேர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

தேநீர் இடைவேளையில் மண்டபத்தின் மூலையில் இருவரும் ஒதுங்கினார்கள். அவன் ஒரு கையில் மூத்தவள். மறு கையால் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் தன் பாட்டிலின் அடியைக் கட்டைவிரலால் வருடிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணுமே புரியல" என்றான். "காலையில பெட்டியில இருந்ததை நான் மாத்தி வெச்சேன். அது எப்படிப் பழையபடி ஆச்சு?"

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "நீங்க மாத்தினீங்களா?"

"ஆமா."

"நானும் மாத்தினேங்க. படிக்கட்டுக்குக் கீழ நின்னு. பதட்டத்துல எது எதுல இருந்துன்னுகூடப் பாக்கல."

"நீயா! நீ எதுக்கு மாத்தினே?"

"நீங்க எதுக்கு மாத்தினீங்க?"

"உன் பாட்டிலைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாதுன்னு."

"நானும் அதுக்குத்தான். உங்க பாட்டிலைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாதுன்னு."

"என் பாட்டிலைப் பார்த்து எதுக்குச் சிரிக்கப் போறாங்க?"

அவள் அவனுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்கள் நிறைந்திருந்தன, ஆனால் உதட்டோரத்தில், அன்றைக்கு டம்ளர் தண்ணீரில் நனைந்து நின்றவனைப் பார்த்து வந்த அதே சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோபப்படக் கூடாது."

"இன்னைக்கு எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்ல. சொல்லு."

"சத்தியமா?"

"சத்தியம் மட்டும் என்கிட்ட கேக்காதே."

அவள் மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். அதற்குள் கையில் டீக் கோப்பையோடு பழைய சாமான் கடைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மேடையில் நடந்ததை அப்போதுதான் யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். பெரிய பாரம் இறங்கியவர்போல் முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"அப்பாடா, ஒரு வழியா எல்லாம் வெளிய வந்துடுச்சா தங்கச்சி? கல்யாணமான புதுசுல சாரோட பாட்டிலை உடைச்சிட்டு அழுதுக்கிட்டே ஓடி வந்தீங்களே, அன்னைக்கு ஆபத்துக்கு நான் கொடுத்த, சினிமாவுக்குன்னு செஞ்ச அந்தப் புதுப் பாட்டிலை இப்பவாவது திருப்பிக் கொடுங்க, சினிமா செட்டுக்காரங்க கேட்டுக் கேட்டு அலுத்துட்டாங்க!"